பாடாங் செராயிலிருந்து பொருளாதார முனைவர் பட்டம்: எந்த இடம், யாருக்கு?

பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "அந்த யூனிவர்சிட்டி எத்தனாவது ரேங்க்?" இளங்கலைக்கு இந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. முனைவர் பட்டத்துக்கு அது ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது. நான்கைந்து ஆண்டுகள் உங்களோடு இருக்கப்போவது ஒரு மேற்பார்வையாளர், ஒரு தரவுத் தொகுப்பு, மாதா மாதம் வந்தாக வேண்டிய பணம். இந்த மூன்றில் ஒன்று சரிந்தாலும் தரவரிசை கைகொடுக்காது. இங்கிருந்து எட்டக்கூடிய இடங்களை இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் இருப்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆய்வேட்டு வழி. முதுகலையோடு உள்ளே போவீர்கள். ஆய்வு முறையியலில் ஒன்றிரண்டு பாடம், முன்மொழிவை ஒரு குழுவின் முன் தற்காத்தல், பிறகு ஆய்வு, ஆய்வேடு, கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. முதல் நாளிலிருந்தே மேற்பார்வையாளர் உண்டு. அமெரிக்காவிலும் சிங்கப்பூரின் என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களிலும் கதை வேறு. முதல் ஆண்டு முழுக்க வகுப்பறை: நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், எகானமெட்ரிக்ஸ் என்ற பொருளாதாரப் புள்ளியியல். அதன்பின் தகுதித் தேர்வு. அதில் தேறாதவர் மறுபடி எழுதலாம். அப்போதும் தேறாவிட்டால் பெரும்பாலும் முதுகலைப் பட்டத்தோடு வெளியேற வேண்டிவரும். மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பதே இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான். அமெரிக்காவில் மொத்தம் ஐந்து ஆறு ஆண்டுகள் பிடிக்கும்.

வகுப்பறை வழியில் வந்தவருக்கு உலகச் சந்தையில் மதிப்பு கூடுதல். உள்ளூர்ப் பல்கலைக்கழகம், அமைச்சு, ஆய்வு நிறுவனம் என்று வேலை தேடுபவருக்கு ஆய்வேட்டு வழியும் போதும். ஆனால் ஆய்வேட்டு வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது: யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். எகானமெட்ரிக்ஸ் தடுமாறினால் இரண்டாம் ஆண்டில்தான் அது தெரியவரும். பதிவு செய்த முதல் செமஸ்டரிலேயே அதே புலத்தின் முதுகலை எகானமெட்ரிக்ஸ் வகுப்பில் மதிப்பெண் இல்லாமல் உட்கார அனுமதி கேளுங்கள். பெரும்பாலான விரிவுரையாளர்கள் மறுப்பதில்லை.

பட்டத்தின் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொருளாதாரமும் நிர்வாகமும் வணிகமும் ஒரே புலத்தில் இருக்கும் இடங்கள் பல. தலைப்பு பொருளாதாரமாக இருந்தும் பதிவு நிர்வாகத் துறையில் விழுந்துவிடும். பிறகு "பொருளாதாரத்தில் முனைவர் பட்டம்" என்று கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது விளக்கக் கடிதம் தேடி அலைய வேண்டும். மலேசியத் தகுதிப் பதிவேடான எம்கியூஆரை இணையத்தில் திறந்து, படிப்பின் முழுப் பெயரும் எட்டாம் நிலை என்ற முனைவர் பட்ட நிலையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மேற்பார்வையாளரைத் தேர்வது ஒரு வார வேலை. அந்த ஒரு வாரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் பலவும் தங்கள் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் போட்டிருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் களஞ்சியம், யுபிஎம்முக்கு (புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம்) பிசாசிர் என்ற களஞ்சியம், யுயுஎம்முக்கு (வட மலேசியப் பல்கலைக்கழகம்) தனி ஆய்வேட்டுத் தளம். மனத்தில் இருக்கும் பேராசிரியரின் பெயரைப் போட்டுத் தேடி, கடந்த பத்தாண்டில் அவர் கீழ் முடித்த பொருளாதார ஆய்வேடுகளை எண்ணுங்கள். ஐந்து ஆறு இருந்தால் நல்லது. ஒன்றுகூட இல்லாமல் துறைப் பக்கத்தில் மட்டும் எட்டு மாணவர் பெயர் இருந்தால், அந்த எட்டுப் பேரும் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கிடைத்தவற்றில் இரண்டைத் திறந்து மூன்றாம் அத்தியாயத்தைப் படியுங்கள். அங்கேதான் முறையியல் இருக்கும். இரண்டு ஆய்வேட்டிலும் ஒரே முறை, ஒரே சமன்பாடு, நாட்டின் பெயர் மட்டும் வேறு என்றால் அங்கே நீங்களும் மூன்றாவது நாட்டைத்தான் எழுதுவீர்கள். யுபிஎம் ஆய்வேடுகளின் முன்பக்கங்களில் தேர்வுக் குழுவினர் பெயரும் மேற்பார்வைக் குழுவினர் பெயரும் இருக்கும். வெளியிலிருந்து தேர்வாளராக யார் வந்தார் என்பது அந்தத் துறைக்கு வெளியுலகத்தோடு எவ்வளவு பழக்கம் என்பதைக் காட்டிவிடும்.

அடுத்தது வயது. கேட்கக் கூச்சமாக இருக்கலாம், ஆனால் இது கணக்கு. அரசு ஊழியருக்குக் கட்டாய ஓய்வு வயது 60. ஐம்பத்தெட்டு வயதுப் பேராசிரியரிடம் இன்று சேர்ந்தால் உங்கள் முன்மொழிவு முடியும் நேரத்தில் அவர் ஓய்வுக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். ஒப்பந்த நீட்டிப்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அப்படிப்பட்டவரிடம்தான் சேர வேண்டும் என்றால், நாற்பதுகளில் இருக்கும் இணை மேற்பார்வையாளர் ஒருவர் முதல் நாளிலிருந்தே எழுத்தில் இருக்கட்டும். அவர் பெயருக்கு இருப்பவராக இல்லாமல் உங்கள் அத்தியாயங்களைப் படிப்பவராக இருக்க வேண்டும்.

மேற்பார்வையாளரின் கட்டுரைகளை ஐடியாஸ் என்ற ரெபெக் தளத்தில் பாருங்கள். பொருளாதாரக் கட்டுரைகளைத் தேட அதைவிட நல்ல இலவச வசதி இல்லை. எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஆண்டுக்கு இருபது கட்டுரை, ஒவ்வொன்றிலும் ஆறேழு பெயர் என்றால் அவரிடம் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். கடைசியாக, இப்போது அவரிடம் படிக்கும் மாணவர் இருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு அத்தியாயம் அனுப்பினால் எத்தனை நாளில் குறிப்போடு திரும்பி வரும்?" மூன்று வாரம் என்றால் மிக நல்ல இடம். மூன்று மாதம் என்றால் ஆறு அத்தியாயத்துக்கு ஒன்றரை ஆண்டு காத்திருப்பிலேயே போய்விடும்.

இனி இடங்கள். பக்கத்தில் இருப்பது யுஎஸ்எம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். பினாங்குப் பாலத்தைத் தாண்டினதும் வளாகம். பாடாங் செராயிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில்தான். லயத்திலோ தாமானிலோ பெற்றோரோடு இருந்துகொண்டே படிக்க முடிகிற ஒரே பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் இதுதான். வாடகை மிச்சம், அம்மா சமையல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வளாகம். பொருளாதாரம் இங்கே சமூக அறிவியல் புலத்துக்குள் இருக்கிறது. அது பலமும் பலவீனமும். வறுமை, தொழிலாளர், குடியேற்றம், தோட்டச் சமூகம் போன்ற தலைப்புகளுக்குச் சமூகவியல், அரசியல் ஆய்வாளர்களின் பக்கத்துணை கிடைக்கும். நிதிச் சந்தை, கோட்பாட்டுப் பொருளியல் என்று போகிறவருக்குப் பேச ஆள் குறைவு.

சிந்தோக்கில் இருக்கும் யுயுஎம் வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல், சங்லூன் பக்கம். தினமும் போய்வர முடியாது. வளாகத்திலோ சங்லூனிலோ தங்கத்தான் வேண்டும். பொருளாதாரமும் நிதியும் வங்கியியலும் ஒரே புலத்தில் இருப்பதால் வங்கி, இஸ்லாமிய நிதி, எல்லை வணிகம் போன்ற தலைப்புகளுக்குப் பொருத்தம். பகுதிநேர மாணவர் அதிகம் வருகிற இடம். ஆசிரியராகவோ அரசு அலுவலராகவோ இருந்துகொண்டு வடக்கில் படிக்கப் பார்ப்பவர் பட்டியலில் இது முதலில் இருக்கட்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று. செர்டாங்கில் யுபிஎம், 1931-இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். செம்பனை, ரப்பர், சிறு தோட்டக்காரர், உணவு விலை பற்றி ஆராய்பவருக்கு நாட்டில் இதற்கு நிகர் இல்லை என்பது எங்கள் துணிந்த தீர்ப்பு. பொருளாதாரப் புலம் ஒரு பக்கம், வேளாண்மைப் புலத்தில் வேளாண் பொருளியல் இன்னொரு பக்கம் என்று இரண்டு வாசல் இருப்பதால் விண்ணப்பிக்கும் முன் எந்த வாசல் என்று தெளிவாக இருங்கள்; பட்டத்தின் பெயரும் மேற்பார்வையாளர் வட்டமும் மாறிவிடும். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வளர்ச்சிப் பொருளியலில் நீண்ட மரபு. பொருளியலாளர் உங்கு அஜிஸ் துணைவேந்தராக 1968 முதல் 1988 வரை இருந்த இடம். வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் என்று எண்ணிக் கிராம வறுமையை அளந்தவர் அவர். பாங்கியில் யுகேஎம் என்ற மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், தொழிலாளர் பொருளியலுக்கும் மலாய் மொழியில் ஆய்வேடு எழுத விரும்புபவருக்கும் நல்ல இடம். மூன்றுக்கும் சுங்கைப் பட்டாணியிலிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறிவிடலாம், ஆனால் தங்குமிடச் செலவை மறக்காதீர்கள். இஸ்லாமியப் பொருளியல் என்றால் கோம்பாக்கில் இருக்கும் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், வேறு யோசனையே வேண்டாம்.

வெளிநாட்டுக் கிளைகளான மோனாஷ், நாட்டிங்ஹாம் இரண்டும் தரமானவை. பட்டம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வரும். கட்டண விலக்கோடு மாத உதவித்தொகையும் சேர்ந்து கிடைத்தால் போங்கள். சொந்தக் காசில் வேண்டாம்.

தலைப்பும் தரவும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உள்ளூர் ஆய்வேடுகள் பலவும் வழுக்கி விழுவது இங்கேதான். 1980 முதல் 2020 வரை ஆண்டுக்கு ஒரு புள்ளி என்றால் மொத்தம் 41 புள்ளி. அதில் ஏழெட்டு மாறியைப் போட்டு ஏஆர்டிஎல் என்ற காலத்தொடர் முறையை ஓட்டி ஒரு முடிவை எடுப்பது சுலபம். ஒரு மாறியை மாற்றினால் முடிவும் மாறிவிடும் என்பதை வைவாவில் தேர்வாளர் இரண்டே கேள்வியில் காட்டிவிடுவார். தனிமனித, குடும்ப, நிறுவன அளவிலான தரவு கிடைக்கும் தலைப்பைத் தேடுங்கள்.

நம் ஊர்ப்பக்கமே நல்ல தலைப்பு கிடக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் மட்டும் 1,200 ஆனது. மற்ற இடங்களில் 1,100 என்றே நின்றது. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொரு சட்டம். டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் நியூஜெர்சியையும் பென்சில்வேனியாவையும் ஒப்பிட்டு துரித உணவுக் கடைகளில் செய்த ஆய்வுக்குத் தேவைப்பட்ட அதே அமைப்பு இது. கார்டு 2021-இல் நோபல் பரிசு பெற்றதில் அந்த வகை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. சிக்கலும் உடனே தெரிய வேண்டும்: அடுத்த மாதமே, 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. சம்பளத்தின் விளைவையும் கோவிட்டின் விளைவையும் எப்படிப் பிரிப்பீர்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிற மேற்பார்வையாளர்தான் உங்களுக்கு வேண்டியவர். "அதெல்லாம் கஷ்டம், ஜிடிபி பண்ணிவிடுங்கள்" என்பவரிடமிருந்து நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

விலை, உற்பத்தி, கையிருப்பு ஆகிய மாதாந்திரச் செம்பனைத் தரவு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தளத்தில் இலவசம். வேலை, விலைவாசி, மக்கள்தொகை புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோஸ்ம் தளத்தில். குடும்ப வருமானக் கணக்கெடுப்பின் நுண்தரவுக்கு, அதாவது ஒவ்வொரு குடும்பத்தின் தனித் தரவுக்கு, புள்ளிவிவரத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் கேட்ட எல்லா மாறியும் வந்துவிடாது. ஆகவே தரவு கைக்கு வந்தபின் தலைப்பைப் பூட்டுங்கள். தலைப்பைப் பூட்டிவிட்டுத் தரவுக்குக் காத்திருந்து ஓராண்டைத் தொலைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பணம். மாதம் 2,500 வெள்ளி உதவித்தொகை மூன்று ஆண்டுக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள், மொத்தம் 90,000. படிப்பு நான்கரை ஆண்டு இழுத்தால், அது அடிக்கடி இழுக்கும், மிச்சம் 18 மாதத்துக்கு 45,000 வெள்ளி எங்கிருந்து வரும்? சேரும் முன்னரே இந்த ஓட்டைக்குப் பதில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து ஆய்வு உதவியாளர் சம்பளம், ட்யூட்டோரியல் எடுக்கும் வேலை, புலத்தின் கட்டண விலக்கு என்று வழிகள் உண்டு. மானியம் எப்போது முடிகிறது என்று தேதியோடு கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தையை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். மைபிரெய்ன் என்ற அரசு உதவித்தொகைத் திட்டம் நின்றும் மறுபடி வந்தும் இருக்கிறது. உயர்கல்வி அமைச்சின் நடப்பு ஆண்டு அறிவிப்பை மட்டும் பாருங்கள், அண்ணன் அக்கா காலத்து விதியை அல்ல. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு கல்வி அமைச்சின் ஹெச்எல்பி என்ற படிப்பு உதவி இருக்கிறது. சம்பளத்தோடு விடுப்பு கிடைக்குமென்றால் பகுதிநேரத்தைவிட அதுதான் மேல். ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து கல்விக்கு எடுக்கலாம். உள்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவருக்குச் சொந்தக் கட்டணத்தில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவும் உண்டு. அப்பா அம்மாவின் சேமநிதியைத் தொட வேண்டிய நிலை வந்தால் படிப்பை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். முழு உதவி இல்லாத முனைவர் படிப்புக்குத் தோட்டத்தில் உழைத்த பணம் போகக்கூடாது.

கட்டுரை விதியையும் சேரும் முன் கேட்டுவிடுங்கள். ஸ்கோப்பஸ் அல்லது வெப் ஆஃப் சயன்ஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் ஒன்றோ இரண்டோ வந்தால்தான் பட்டம் என்று சொல்லும் புலங்கள் உண்டு. ஏற்பா, வெளியீடா, எது கணக்கு என்பது இடத்துக்கு இடம் மாறும். பொருளாதார இதழ்கள் மெதுவானவை. ஒரே கட்டுரைக்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு ஆவது வழக்கம். இரண்டாம் ஆண்டு முடியும் முன் முதல் கட்டுரையை அனுப்பாதவர் ஆய்வேடு முடிந்தும் காத்திருப்பார். பணம் கட்டினால் இரண்டே வாரத்தில் போடுகிறோம் என்று வரும் மின்னஞ்சலைத் தொடாதீர்கள். இன்று பட்டியலில் இருக்கும் அப்படிப்பட்ட இதழ் நாளை நீக்கப்படும், உங்கள் கட்டுரையும் செல்லாமல் போகும். யுகேஎம்மின் ஜர்னல் எகோனோமி மலேசியா நம் நாட்டுத் தலைப்புகளுக்கு நேர்மையான முதல் வாசல்.

கடல் தாண்ட நினைப்பவருக்கு இனி. கணிதம்தான் கதவு. கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ரியல் அனாலிசிஸ் என்ற நிறுவல் வழிக் கணிதம் ஆகியவை மதிப்பெண் பட்டியலில் இருக்க வேண்டும். உள்ளூர்ப் பொருளாதார இளங்கலையில் கடைசியது பெரும்பாலும் இருக்காது. கணிதத் துறையில் அந்த ஒரு பாடத்தை எடுத்து நல்ல மதிப்பெண் வாங்குவது பத்துச் சான்றிதழுக்குச் சமம். ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதி 170-க்கு. முன்வரிசைத் துறைகளுக்கு 165-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும், பதில் பிப்ரவரி மார்ச்சில் வரும், உதவித்தொகையோடு வந்த அழைப்புக்குப் பதில் சொல்லப் பொதுவான கெடு ஏப்ரல் 15. மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். "நல்ல மாணவர்" என்று எழுதுபவரைவிட, "என் தரவைச் சுத்தம் செய்து இந்தச் சமன்பாட்டை ஓட்டினார்" என்று எழுதக்கூடியவர் மேல். ஆகவே விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே யாரிடமாவது ஆய்வு உதவியாளராகச் சேர்ந்துவிடுங்கள். இடம் கிடைத்தால் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அவர்களே கொடுப்பது அங்கே வழக்கம். கொடுக்காத அழைப்பை ஏற்க வேண்டாம். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகை பற்றி கோலாலம்பூரில் இருக்கும் மேசீ என்ற மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தில் விசாரிக்கலாம்.

சிங்கப்பூரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது தவறு. என்யுஎஸ்ஸில் அமெரிக்க முறை வகுப்பறைப் பயிற்சி, ஆய்வு உதவித்தொகை, நீண்ட விடுமுறைக்கு இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் வடக்கே இறங்கிவிடலாம். நுழைவது கடினம், நுழைந்தால் பாடாங் செராயிலிருந்து கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி, எங்கள் பார்வையில், இதுதான்.

உள்ளூரோ வெளியோ, பிடித்த மேற்பார்வையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த கேள்வி, உங்கள் தலைப்பு ஒரே வாக்கியத்தில், தரவு எங்கிருந்து வரும் என்பது, எப்போது சேர நினைக்கிறீர்கள் என்பது. இரண்டு பக்க முன்மொழிவும் மதிப்பெண் பட்டியலும் இணைப்பில். செவ்வாய் அல்லது புதன் காலையில் அனுப்புங்கள். நோன்புப் பெருநாள், தேர்வு வாரங்களைத் தவிருங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்கு எழுதுங்கள். சேருவதற்கு முன்பே பதில் போட நேரமில்லாதவர், உங்கள் நான்காம் அத்தியாயத்துக்கும் நேரம் ஒதுக்க மாட்டார்.